மொம்மு அழுகிற இடம்

எனக்குக் கோபம் வரும். வந்தால் வாய் நிற்காது. கம்பம் பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஞானசெல்வி கடையில் போய் பேரம் பேசாதே, காது கிழிந்துவிடும் என்று. ஆனால் இந்த விஷயத்தில் நான் திட்ட வேண்டிய ஆள் நான் ஒருத்திதான். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் அல்லிநகரம். கம்பத்தில் கேசட் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது, நடுவில் அவரும் போய்ச் சேர்ந்தார். கடையை நான் விடவில்லை. பின்னால் சரக்கு வைத்திருந்த கிட்டங்கியை ரிக்கார்டிங் ரூம் ஆக்கினேன். கிறிஸ்துமஸ் பாட்டு, குச்சனூர் கோயில் திருவிழா அறிவிப்பு, ஜவுளிக்கடை விளம்பரம், யாராவது இறந்துபோனால் தெருத் தெருவாகச் சொல்லும் செய்தி, எல்லாம் அந்த அறையில்தான். இரண்டு ஹாரன் ஒலிபெருக்கி கட்டிய மினி வேன் ஒன்றும் இருக்கிறது. அதை ஓட்டுகிறவன் தங்கப்பாண்டியன். குரல் கொடுக்கிறவள் ஹேமாவதி. மூன்றே பேர்தான் நாங்கள்.

ஹேமாவதிக்கு முப்பத்திரண்டு வயது. புருஷன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், நல்லநாள் பெரியநாளுக்கு வருவான். சுருளிப்பட்டி தாண்டி ஒரு திராட்சைத் தோட்டத்துக் காவல் வீட்டில் மகளோடு இருக்கிறாள். ஒரே அறை, ஒரே வாசல், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. மகளுக்கு ஆறு வயது. மாமியார் பேரை வைத்து ஜோதிலட்சுமி என்று கூப்பிடுகிறார்கள், அந்தப் பேருக்கும் அந்த முழங்கால் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில் சாயங்காலம் பஸ் பிடித்துக் கடைக்கு வந்துவிடும். விடுமுறையில் வீட்டில் இருக்கும். பக்கத்துத் தோட்டத்து மாயக்காள் மத்தியானம் ஒருதரம் எட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் கொச்சியிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கார்ட்டூன் தொடர் ஒன்றுக்கு உரிமை வாங்கியிருப்பதாகச் சொன்னார். பனி விழுகிற ஏதோ ஒரு நாட்டில் கையால் வரைந்தது. இருபத்தாறு பாகம், பாகத்துக்குப் பதினோரு நிமிடம். மொம்மு என்று ஒரு யானைக்குட்டி. முதல் பாகத்தில் வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போய்விடும், மீதி இருபத்தைந்து பாகமும் அது அம்மாவைத் தேடும். வெளிநாட்டில் அப்பனும் பிள்ளையும் பேரனும் பார்த்து வளர்ந்த தொடராம். அந்தக் காலத்தில் வீடியோ கேசட்டில் வந்தது. இப்போது படத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து, வீட்டில் போட்டுப் பார்க்கிற மாதிரி டிவிடியாகவும் பென் டிரைவாகவும் விற்கப்போகிறார். மலையாளத்தை அவர் அங்கேயே பார்த்துக்கொண்டார். தமிழ் என் தலையில் விழுந்தது.

சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன். சாவுச் செய்தியும் ஜவுளிக்கடை விளம்பரமும் இல்லாத ஒரு வேலை, எனக்கு வேறென்ன வேண்டும்? மொம்முவின் அம்மாவுக்கு ஹேமாவதியைப் பேச வைத்தேன். ஒவ்வொரு பாகமும் மொம்மு அம்மாவைக் கனவு காண்பதில்தான் ஆரம்பிக்கும். கனவில் அம்மா, "வந்துட்டேன் கண்ணு, அங்கனயே நில்லு" என்பாள். பாகத்தின் பின்பாதியில் மொம்மு எங்காவது நின்று அழும். அந்த அம்மா பேச்சைப் பேசும்போது ஹேமாவதியின் குரலில் ஒரு ஈரம் வரும் பாருங்கள், மைக்குக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நான் இன்னொருதரம் சொல்லச் சொல்லிக் கேட்பேன்.

முதல் பாகம் முடிந்ததும் ஜோதிலட்சுமியையும் தெருப்பிள்ளைகள் நாலைந்து பேரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். மொம்மு அழும் இடம் வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஜோதிலட்சுமி என்னிடம் வந்து, அது யானை இல்லை, பஸ் ஹாரன் என்றாள். எனக்கு மானம் போய்விட்டது. ஆனால் பிள்ளை சொன்னது சரிதான். வரைந்தவர்கள் யானையைப் பார்த்தவர்களே இல்லை, எதையோ ஊதி வைத்திருந்தார்கள். வேறு ஊர்ப் பிள்ளைகளை அப்படி ஏமாற்றலாம். எங்கள் பிள்ளைகள் தோட்டத்து வீட்டில் படுத்துக்கொண்டு நிஜ யானைச் சத்தத்தைக் கேட்டு வளர்கிறவர்கள். அவர்களிடம் செல்லாது.

அந்த வாரமே தங்கப்பாண்டியன் ஒன்று கொண்டுவந்தான். கம்பமெட்டுக்கு மேலே, கேரளப் பக்கம், ஏலத்தோட்டத்துச் சர்ச் திருவிழாவுக்கு மைக்செட் கட்டப் போயிருந்தான். அங்கே ஏலச்செடிக்குத் தண்ணீர் தேக்க பிளாஸ்டிக் விரித்த படுதாக்குளம் வெட்டி வைத்திருப்பார்கள். விடிகாலையில் ஒரு யானைக்குட்டி அதில் விழுந்துவிட்டது. பிளாஸ்டிக் வழுக்கும், ஏற முடியாது. தாய் யானை குளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு யாரையும் கிட்ட விடவில்லை. குட்டி கத்திக்கொண்டே இருந்தது. இவன் கையில் நான் வாங்கிக் கொடுத்த நல்ல ரிக்கார்டர் இருந்தது. ஒன்பது நிமிடம் பதிவு செய்துவிட்டான்.

நான் நாலு நிமிடம் கேட்டேன். மயிர் கூச்செறிந்தது. இதைத்தானே தேடிக்கொண்டிருந்தேன் என்று துள்ளினேன். தங்கப்பாண்டியன் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, அது பத்து மணிக்கெல்லாம் செத்துப்போச்சுக்கா. அந்தச் சத்தத்தையா போடப் போறீக?"

"செத்தா என்னலே. சத்தம் சாகலயே."

இதைச் சொன்னவள் நான்தான். சிரித்துக்கொண்டே சொன்னேன். மீதி ஐந்து நிமிடத்தை நான் கேட்கவில்லை, கேட்கப் பிடிக்கவில்லை. நாலு நிமிடத்தை வெட்டி, ஒட்டி, கூட்டிக் குறைத்து, இருபத்தாறு பாகத்திலும் மொம்மு அழுகிற இடத்திலெல்லாம் அந்தக் குட்டியை அழ வைத்தேன். கொச்சிக்காரர் கேட்டுவிட்டு, "அடிபொளி சேச்சி" என்று மெச்சிக் கையைப் பிடித்துக்கொண்டார். என் ஆயுசில் நான் செய்த வேலையிலேயே நல்ல வேலை அதுதான் என்று நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பு முழுசாகப் போகவில்லை, அதுதான் என் பாவம்.

ஏப்ரல் கடைசியில், விடுமுறைக்குச் சரியாக, பென் டிரைவ் வெளிவந்தது. கூடலூரிலிருந்து சின்னமனூர் வரைக்கும் பிள்ளை இருக்கிற வீட்டிலெல்லாம் மொம்முதான். சாயங்காலம் பஜாரில் நடந்து போனால் ஜன்னலுக்கு ஜன்னல் கேட்கும். கூடவே வேறு பேச்சும் வந்தது. மொம்மு அழும்போது நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது என்றார் ஒருத்தர். மாடு கயிற்றை அறுக்கப் பார்க்கிறது என்றார் இன்னொருத்தர். நான் பெருமையாகச் சிரித்தேன். நாயும் மாடும் நம்புகிற அளவுக்குச் சத்தம் சேர்த்தவள் இந்த ஜில்லாவில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

மே மாதம் பதினைந்து வாக்கில் கூடலூர் பக்கம் கர்ணன் என்பவரின் வாழைத்தோட்டத்தில் யானை இறங்கியது. யானை இறங்குவது புதிது இல்லை. ஆனால் இந்த யானை ஒரு வாழையைத் தொடவில்லை. நேராக வீட்டுக்கு வந்து, முன்னறைச் சுவரை இடித்து, டிவியை நொறுக்கிவிட்டுப் போனது. வீட்டில் இருந்தவர்கள் அடுப்படியில் இருந்ததால் தப்பித்தார்கள். நாலு நாள் கழித்துக் காமயகவுண்டன்பட்டி பக்கம் ஒரு தோட்டத்து வீடு. அங்கேயும் வெளியில் இருந்த தென்னங்கன்று அப்படியே இருந்தது, முன்னறைச் சுவர் இல்லை. ஒரு பெரியவருக்குக் கால் எலும்பு முறிந்தது. அரிசிக்கு வந்திருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

தங்கப்பாண்டியன் இரண்டு வீட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஹேமாவதி டீ வாங்கப் போன நேரம் பார்த்து என்னிடம் சொன்னான்.

"ரெண்டு வீட்டுலயும் நம்ம மொம்முதான்க்கா ஓடியிருக்கு. அது அழுகுற வரைக்கும் யானை சும்மா செவத்தத் தடவிக்கிட்டு நின்னிருக்கு. ஒரு வீட்டுல கரண்டு போச்சு, இன்னொரு வீட்டுல பயந்துபோயி டிவிய நிப்பாட்டியிருக்காக. சத்தம் நின்ன பெறகுதான் இடிச்சிருக்கு. எடது காது கிழிஞ்ச பொம்பள யானை. குளத்துக்கு அங்கிட்டு நின்னுச்சே, அதேதான்."

அவன் சொல்வது நிஜம் என்று எனக்குப் பட்டுவிட்டது. அது வெளியில் தெரியாமல் இருக்க அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். வேலை செய்யத் துப்பில்லாதவனுக்குத்தான் இப்படியெல்லாம் கதை தோன்றும் என்றேன். கடைசியில், இதை ஹேமாவிடம் உளறி வைக்காதே, பயந்து வேலையை விட்டுவிடுவாள் என்றேன். அவன் வேனைக் கழுவப் போய்விட்டான்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கொச்சிக்காரருக்கு எழுத போனை எடுத்தேன். மொம்மு அழுகிற சத்தத்தை மாற்ற வேண்டும், விற்றதைத் திரும்ப வாங்க வேண்டும் என்று அடித்தேன். அடித்துவிட்டு அழித்தேன். இரண்டு வீடுதானே, தற்செயலாகக்கூட இருக்கலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மூன்று நாள் இப்படியே ஓட்டினேன்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்தரை இருக்கும். ஊர்க் குழுவில் வாட்ஸ்அப் செய்தி வந்தது. சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டப் பக்கம் ஒற்றைப் பெண் யானை நடமாட்டம், யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம், வனத்துறையினர் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று. ஹேமாவதி படித்த உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். வீட்டில் பழைய பட்டன் போன் ஒன்று பிள்ளைக்காக வைத்திருக்கிறாள்.

"ஜோதி, கதவச் சாத்தித் தாழ்ப்பாளப் போட்டுக்க. வெளிய வராத. அம்மா வர்ற வரைக்கும் மொம்முவப் போட்டுப் பாத்துக்கிட்டு இரு, என்ன?"

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிள்ளை பத்திரம் என்று நிம்மதியாக மூச்சு விட்டாள். நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தங்கப்பாண்டியன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊருக்கே கேட்கும்படி கத்துகிறவள், ஒரு நிமிடம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்குக் கர்த்தர் என்னிடம் கணக்குக் கேட்பார்.

பிறகு சொன்னேன். குளத்தில் செத்த குட்டி, அதன் சத்தம், இரண்டு வீடு, எனக்கு மூன்று நாளாகத் தெரியும் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். ஹேமாவதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்னை ஒருதரம் பார்த்தாள், அவ்வளவுதான், திரும்பப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

பிள்ளை எடுத்ததும் முதலில் கேட்டது அந்தக் குட்டியின் அழுகைதான். என் கடைக்குள், என் காதுக்குப் பக்கத்தில். அதற்குப் பிறகுதான் ஜோதிலட்சுமியின் குரல் வந்தது.

"அம்மா, யானை வந்திருக்கும்மா. சன்னல்ல மூக்க விடுது. மொம்முவத் தொடப் பாக்குது."

பிள்ளை பயப்படவில்லை. ஹேமாவதி டிவியை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தாள். தங்கப்பாண்டியன் பாய்ந்து வந்து கையை ஆட்டித் தடுத்தான். நிறுத்தினால் இடிக்கும். நிறுத்தாவிட்டாலும் அழுகை எவ்வளவு நேரம் வரும்? அந்தத் தொடரில் ஒவ்வொரு விநாடியும் எனக்கு மனப்பாடம். மொம்மு எங்கே நிற்கிறது என்று பிள்ளையிடம் கேட்டேன். பாலத்தில் என்றாள். பத்தொன்பதாம் பாகம். இன்னும் மூன்று நிமிட அழுகை இருக்கிறது. அதற்குப் பிறகு பாட்டு, பிறகு அடுத்த பாகம். அதில் முதல் ஆறு நிமிடம் மொம்மு அழவே அழாது. டிவியைப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தானாக ஓடும்படி நான்தான் செய்து கொடுத்திருந்தேன். ரிமோட்டில் நிறுத்துவதைத் தவிர வேறொன்றும் பிள்ளைக்குத் தெரியாது.

சுருளிப்பட்டித் தோட்டம் ஒன்பது கிலோமீட்டர். வனத்துறைக்கு அடித்தோம். வழியில் இருப்பதாகவும், வர அரைமணி ஆகும் என்றும் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு வெளியில் நின்ற வேன் கண்ணில் பட்டது. மேலே இரண்டு ஹாரன். என் போனில் தங்கப்பாண்டியன் முதலில் அனுப்பிய முழுப்பதிவு அப்படியே இருந்தது. அந்தச் சத்தத்துக்குத்தானே அந்தத் தாய் யானை வருகிறாள், வேறு இடத்திலிருந்து அதே சத்தம் கேட்டால் பிள்ளையை விட்டுவிட்டு அங்கே வரட்டும். ஏறுங்கள் என்றேன்.

தங்கப்பாண்டியன் ஓட்டினான். ஹேமாவதி நடுவில் உட்கார்ந்து போனைக் கீழே வைக்காமல் பேசிக்கொண்டே வந்தாள். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளச் சொன்னாள். டிவியைத் தொடாதே என்றாள். ஒன்று இரண்டு சொல்லச் சொன்னாள், பிள்ளையும் சொன்னாள். சுருளிக்குப் பிரியும் விலக்கைத் தாண்டும்போது போனில் அழுகை நின்றது. பாட்டு வந்தது. குதிக்கிற பாட்டு, நான்தான் தமிழில் எழுதினேன். பாட்டு முடிந்ததும் செங்கல் உரசுகிற சத்தம் கேட்டது. பிள்ளை எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அடுத்த பாகம் ஆரம்பித்தது. மொம்முவின் கனவில் அம்மா பேசினாள்.

"வந்துட்டேன் கண்ணு, அங்கனயே நில்லு."

தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஹேமாவதி. படாரென்று ஒரு சத்தம், பிறகு லைன் போய்விட்டது.

தோட்டத்து வளைவில் வேனை நிறுத்தியபோது நல்ல வெளிச்சம் இருந்தது. திராட்சைப் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. வீட்டின் முன்மூலை விழுந்து ஓடு உடைந்து தொங்கியது, தூசி இன்னும் அடங்கவில்லை. அவள், அந்தத் தாய் யானை, நெற்றியைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல், மெதுவாக, விட்டு விட்டு அழுத்தினாள். இடது காது கிழிந்திருந்தது.

மற்ற இரண்டு பேரையும் பந்தலுக்குள் குனிந்து போகச் சொல்லிவிட்டு நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். யாராவது கூப்பிட்டால் பாடுவது நின்றுபோகுமே என்று போனை ஏரோபிளேன் மோடில் போட்டேன். ஆம்பிளிஃபயரில் சொருகினேன். முழுப்பதிவை ஓடவிட்டேன்.

இரண்டு ஹாரனிலும் குட்டி அலறியது. தோட்டமே அதிர்ந்தது. அவள் சுவரை விட்டாள். காது இரண்டும் விரிந்தன. திரும்பி என்னைப் பார்த்தாள், இல்லை, என் தலைக்கு மேலே இருந்த ஹாரனைப் பார்த்தாள். நான் வண்டியை எடுத்தேன்.

ஓடி வருவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. விரசாக நடந்தாள். நான் மெதுவானால் அவளும் மெதுவானாள், வேகம் எடுத்தால் அவளும் எடுத்தாள். கண்ணாடியில் அவள் நெற்றியும் அதில் ஒட்டிய செங்கல் தூளும் தெரிந்தன. பிள்ளை கிடைத்தாளா, கட்டிலோடு நசுங்கினாளா, எனக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை. போனைத் தொட்டால் சத்தம் நிற்கும், சத்தம் நின்றால் அவள் திரும்பிப் போவாள். சுருளி அருவிக்குப் போகும் சாலையில் காட்டுக் கேட் வரைக்கும் போனேன். கேட் பூட்டியிருந்தது. அதற்கு மேல் வண்டிக்கு வழி இல்லை.

நாலு நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. நான் கேட்காமல் விட்ட பகுதி ஓடிக்கொண்டிருந்தது. அலறல் இல்லை அது. இருமல் மாதிரி, தண்ணீரைத் துப்புகிற மாதிரி, இடைவெளி விட்டு விட்டு. இடைவெளி நீண்டுகொண்டே போனது. யாரோ ஒருத்தர் மலையாளத்தில் "கழிஞ்ஞு" என்றார், முடிந்துவிட்டது என்று. அதன் பிறகு வெறும் காற்று. இரண்டு ஹாரனிலும் காற்றுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பதிவு முடிந்தது.

அவள் வண்டிக்கு வந்துவிட்டாள். தும்பிக்கையைத் தூக்கி ஹாரனின் வாய்க்குள் விட்டுத் தேடினாள். ஒன்றில் தேடிவிட்டு அடுத்ததில் தேடினாள். வேன் ஆடியது. அவள் மூச்சு கூரை வழியாக எனக்குக் கேட்டது. ஜெபம் வாயில் வரவில்லை. தொடைமேல் போனை வைத்து ஏரோபிளேன் மோடை எடுத்தேன். தங்கப்பாண்டியனின் செய்தி வந்து விழுந்தது. பிள்ளை கிடைத்துவிட்டாள், கையில் காயம், உயிரோடு இருக்கிறாள், அக்கா நீங்கள் எங்கே என்று கேட்டிருந்தான்.

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். நிமிர்ந்தபோது அவள் பக்கவாட்டில், ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். முன்னங்கால்களுக்கு நடுவில் மார்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. தார்ச்சாலையில் ஒரு கை அகலத்துக்கு வெள்ளையாகத் தேங்கியிருந்தது. மார்ச்சில் வற்றியிருக்க வேண்டிய பால் அது. ஒரு மாதமாகச் சாயங்காலம் சாயங்காலம் அதைத் திரும்பச் சுரக்க வைத்தவள் நான்.

எனக்குப் பயம் போய்விட்டது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன்.

"ஆத்தா, ஒம்பிள்ள செத்துப்போச்சு. அன்னைக்கே செத்துப்போச்சு. நாந்தான் அழுக வச்சேன். இங்கன இல்ல ஆத்தா, எங்கனயும் இல்ல. காட்டுக்குப் போ."

அவள் என் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அப்படியே கேட்டைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விடுவாள் என்று ஒரு கணம் நான் உண்மையாகவே நம்பினேன்.

கீழே தோட்டங்களில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். எந்த வீடு என்று தெரியவில்லை. யானையைப் பற்றிய செய்தியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளே அடைத்துக் கதவைச் சாத்தி, சும்மா இருக்கட்டும் என்று போட்டுக்கொடுத்திருப்பார்கள். காற்றில் மெல்லிசாக ஏறி வந்தது மொம்முவின் அழுகை. அவள் காதுகள் விரிந்தன. என்னை விட்டுவிட்டு, வந்த வழியே கீழே இறங்க ஆரம்பித்தாள். சற்றுத் தள்ளி இன்னொரு வீட்டிலிருந்தும் கேட்டது.

நான் போனை எடுத்துத் திரும்பவும் முதலிலிருந்து போட்டேன். தலைக்கு மேலே குட்டி அலறியது. அவள் நின்றாள். திரும்பி வந்தாள்.